வெயிலைக் குத்தகைக்கு எடுத்தவர்கள்

கரண்ட் போன நேரத்தில்தான் அந்த யோசனை வந்தது.

சித்திரை மாதத்து மத்தியானம். சங்கரன்கோவில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே எங்கள் ஜெராக்ஸ் கடை. யாருடைய ஆதார் அட்டையோ மெஷினுக்குள் பாதி போய் நின்றுவிட்டது. மின்விசிறி மூன்று சுற்று சுற்றி ஓய்ந்தது. அப்பா காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். வாசல் பெஞ்சில் கோமதிநாயகம் அண்ணாச்சி, ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, நான் ஏதாவது வழி சொல்வேன் என்று உட்கார்ந்திருந்தார். இளையரசனேந்தல் பக்கத்து ஊர்க்காரர். இருநூறு உருப்படி கொண்ட ஆட்டு மந்தைதான் அவர் பிழைப்பு.

நான் கைப்பேசியில் ஒரு கம்பெனியின் வம்சாவளியைத் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சியின் ஊர்க் கரிசலில் சூரிய மின்தகடு பதிக்க வந்திருக்கும் கம்பெனி. அதன் பங்கு சென்னையில் இன்னொரு கம்பெனியிடம். அது மும்பையில் ஒன்றிடம். அந்த மும்பைக் கம்பெனியின் பெரும்பங்கு, கடல் தாண்டி, ஓர் அரபு எண்ணெய் நாட்டு அரசின் முதலீட்டு நிதியத்திடம். அதன் இணையப் பக்கத்தை இறக்கிக்கொண்டே போனால் ஒரு கண்ணாடிக் கட்டடம், வெள்ளை அங்கி அணிந்த பெரியவர்கள். எல்லாவற்றுக்கும் அடியில், சின்ன எழுத்தில், குறைகளைத் தெரிவிக்க ஒரு பெட்டி.

“அண்ணாச்சி, ராஜாவுக்கே எழுதிருவமா?” என்றேன்.

“எந்த ராஜாவுக்கு?”

“அரபு ராஜாவுக்கு. உங்க ஆடு போற கண்மாய்ப் பாதைய மறிக்கப் போறது அவரு துட்டுதான்.”

அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “ஏ பாப்பா, இங்கன கம்பெனிக் கொட்டகைல இருக்க மேனேஜருக்கு எழுதுனதுக்கே இன்னும் ஒரு முடிவக் காணும்.”

அப்பா விசிறுவதை நிறுத்தினார். “எழுதுவா. எழுதிட்டு, அந்த ஊருக்கு எத்தன ரூவா ஸ்டாம்பு ஒட்டணும்னு எங்கிட்ட வந்து நிப்பா.”

நான் அழித்த வரி

இந்தத் தொடரில் இதுவரை மற்றவர்களைப் பற்றித்தான் துணிச்சலாக எழுதியிருக்கிறேன். இந்த வாரம் என் தவறு.

எம்.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டுப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்ற பெயரில் அப்பாவின் கடையில் டைப் அடிக்கிறவள் நான். எதிர்சாரியில் பதிவாகிற பத்திரங்களில் பாதி என் விரல் வழியாகத்தான் போகும். மின்தகடு கம்பெனி வந்தபோது ஐந்து பேருடைய புஞ்சை நிலத்தை நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்தது. ஐந்து பத்திரம், ஒரே மாதிரி. மாதிரியை மும்பையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். பழைய பத்திரத்தைப் பார்த்து, நான்கு எல்லையையும் சொத்து விவரத்தையும் நிரப்புவது என் வேலை.

பழைய பத்திரங்களுக்கு ஒரு வாசனை உண்டு. டிரங்குப் பெட்டித் துரு, பூச்சி உருண்டை, எப்போதோ தடவிய மஞ்சள். எல்லாவற்றிலும் கடைசியில் ஒரே வரி வரும்: ‘மாமூல் வண்டிப்பாதை, ஆடுமாடு நடைபாதை பாத்தியங்கள் உட்பட.’

மும்பை மாதிரியில் அந்த வரிக்குக் கட்டம் இல்லை. எந்தக் காலத்திலோ எந்தக் குமாஸ்தாவோ எழுதிய வால் என்று நினைத்தேன். ஐந்து பத்திரத்திலும் விட்டுவிட்டேன். பக்கம் அழகாக முடிந்தது. கம்பெனி வக்கீல்கூட “நீட்டா இருக்கு” என்றார். அன்று எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

கரிசல் காட்டில் பாதைக்குக் கல் நடுவதில்லை. பருத்தியும் கம்பும் எடுத்த பிறகு காடு முழுக்கத் திறந்துதான் கிடக்கும். ஆட்டுக்காரர்கள் ஒவ்வொரு புஞ்சையிலும் சில நாள் மந்தையை அடைத்துக் கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். மேய்ச்சலும் கண்மாய்த் தண்ணீரும் ஆட்டுக்கு. நிலக்காரருக்கு எது லாபம், ஆட்டுக்காரருக்கு எது லாபம் என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. வழி எங்கே என்று கேட்டால் ஆடு போகிற இடம் என்பார்கள். காகிதத்தில் அதற்கு இருந்த ஒரே சாட்சி அந்த வரி.

அண்ணாச்சி பதறிக்கொண்டு வந்ததே வேலிக்கு முளைக்கம்பி இறங்கிய பிறகுதான். பாதை மறிபட்டால் மந்தை சுற்றிக்கொண்டு பஸ் ரோட்டில் ஏறித்தான் கண்மாய்க்குப் போக வேண்டும். காற்றாலை இறக்கை ஏற்றிய நீளமான லாரிகள் வருகிற ரோடு அது. “இருநூறு ஆட்ட அதுல விட்டா, அந்திக்கு எத்தன திரும்பும்னு சொல்லு. வித்துட்டு வேற சோலிக்குப் போக வேண்டியதுதான்” என்றார்.

நான் குத்தகைப் பத்திரத்தைக் கணினியில் திறந்தேன். அவர் வாசிக்கத் தெரியாத கண்ணோடு திரையையே பார்த்தார்.

“இருக்கா பாப்பா, நம்ம பாத?”

“இல்ல அண்ணாச்சி. நாந்தான் எடுத்துட்டேன்.”

அவர் திட்டவில்லை. “நீயா?” என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு சொல்லோடு நான் இரண்டு நாள் சாப்பிட்டேன், தூங்கினேன்.

வரி இல்லாததாலேயே உரிமை செத்துவிடாது, கோர்ட்டில் நிரூபிக்கலாம் என்றார் தெரிந்த வக்கீல் ஒருவர். எத்தனை வருஷம் ஆகும் என்றேன். அதைச் சொல்ல முடியாது என்றார். ஆடு தினமும் தண்ணீர் குடிக்கிற பிராணி. இன்னொரு வழி பிழைத்திருத்தல் பத்திரம். ஐந்திலும் விட்டுப்போன வரியை ஒரே காகிதத்தில் சேர்த்து, ஐந்து நிலக்காரர்களும் கம்பெனியும் கையெழுத்துப் போட்டுப் பதிய வேண்டும். மேனேஜர் சென்னையைக் காட்டினார். சென்னை மும்பையைக் காட்டியது. முதலீட்டாளர் சம்மதம் இல்லாமல் ஒரு எழுத்தையும் தொட முடியாது என்றது மும்பை. அந்த முதலீட்டாளர் யார் என்று தேடிய மத்தியானத்தில்தான் கரண்ட் போனது.

சாமான் வந்த திசை

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சின்ன வயதில் அரபு நாடு என்றால், வீட்டுக்கு ஒருவர் அங்கே போயிருக்கிற பக்கத்து ஊரான கடையநல்லூர். பள்ளித் தோழிகளின் வீட்டுக்குப் போனால் பீரோவைத் திறந்த உடனே ஒரு வாசனை வரும். சோப்பு, அத்தர், பிரிக்காத போர்வை எல்லாம் கலந்த வாசனை. புலிப்படம் போட்ட அந்தப் போர்வையை நம் ஊர் வெக்கையில் யார் போர்த்துவார்கள் என்று யாரும் கேட்டதில்லை. ஆள் அங்கே போவார், சாமான் இங்கே வரும். எனக்குத் தெரிந்த பன்னாட்டு வணிகம் அவ்வளவுதான்.

கல்லூரியில் எண்ணெய் விலை ஒரு வளைகோடு ஆனது. ஏறினால் நம் பஸ் கட்டணம், உரமூட்டை, தக்காளி எல்லாம் ஏறும் என்று படித்தோம். அதற்குள் உலகம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. இப்போது அவர்கள் எண்ணெயை மட்டும் விற்பதில்லை. ஐரோப்பாவில் கால்பந்து அணி வாங்குகிறார்கள். ஆப்பிரிக்காவில் துறைமுகம் நடத்துகிறார்கள். எங்கோ சண்டை போடுகிறவர்கள் சமாதானம் பேச அவர்கள் ஊர் ஓட்டலுக்குப் போகிறார்கள். நம் தலைவர்களும் போய்க் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அடுத்த மாதம் ஒரு முதலீட்டு அறிவிப்பு வருகிறது.

அந்த அறிவிப்புகளில் ஒன்றுதான் கோமதிநாயகம் அண்ணாச்சியின் பாதையில் முளைக்கம்பியாக இறங்கியிருக்கிறது. நான் அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. மின்சாரம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கரண்ட் போனால் முதலில் நிற்பது எங்கள் மெஷின். ஆனால் இவ்வளவு தூரத்திலிருந்து ஒரு கை நீண்டு வந்து நம் காட்டைத் தொடுமானால், இங்கிருந்தும் ஒரு கை நீண்டு போகலாம் அல்லவா?

சுலைமானின் மொழி

நிதியத்தின் இணையப் பக்கத்தில் இருந்த அந்தக் குறைப் பெட்டியில் முதலில் ஆங்கிலத்தில் எழுதினேன். நன்றி என்று தானாக ஒரு பதில் வந்தது, அத்தோடு சரி. அப்போதுதான் கல்லூரியில் கூடப் படித்த சுலைமான் நினைவு வந்தது. கடையநல்லூர்க்காரன். அதே எண்ணெய் நாட்டில் ஆறு வருடம் டைப்பிங் சென்டரில் இருந்தவன். அரசு அலுவலகத்துக்கு எதிரே வரிசையாக இருக்குமாம். விசா மனு, வாடகை ஒப்பந்தம், எல்லாம் அரபியில் அடித்துக் கொடுப்பார்கள். கிட்டத்தட்ட எங்கள் கடைதான், ஏசி மட்டும் கூடுதல்.

பஸ் ஏறிப் போனேன். மச்சானின் செல்போன் கடையில் உடைந்த திரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான்.

“வாங்க மேடம். கிளாஸ் மாத்தணுமா, கவர் மாத்தணுமா?”

“அரபியில ஒரு மனு வேணும்.”

“அந்தக் கவர்மெண்டே போனுக்குள்ள போயிட்டு. எல்லாவனும் அவனவனே தட்டிக்கிடுதான். எங்க சென்டர மூடி, நான் இங்கன வந்து கிளாஸ் ஒட்டுதேன். இப்ப நீ வந்து மனு கேக்குத. யாருக்கு?”

சொன்னேன். அவன் முகம் மாறியது. “ஏ பிள்ள, நான் டிரைவர் விசாவுக்குக் காத்துக்கிடக்கதே அந்த ஊருக்குத்தான்.”

“உன் பேரு எங்கயும் வராது.”

“பேரு வராது, சரி. அங்கன சுவத்துக்கும் கண்ணு உண்டு. நீ இருந்து பாத்திருக்கியா?”

நான் எழுந்துகொண்டேன். அவன் என் ஆங்கில மனுவை மட்டும் கேட்டு வாங்கி வாசித்தான். பாதியிலேயே சிரித்துவிட்டான்.

“இது என்ன, மனுவா வக்கீல் நோட்டீசா? எடுத்த எடுப்புலயே ‘நீங்க மறிச்சிட்டீங்க’ன்னு எழுதிருக்க. அங்கன மொதல்ல சலாம். அப்புறம் அவுக பட்டம், ஒண்ணு விடப்படாது. அப்புறம் அவுக நாடு நல்லாருக்கணும்னு ஒரு துஆ. அதுக்கப்புறந்தான் நம்ம சோலி. அதுவும் ‘கருணை காட்டணும்’னு முடிக்கணும்.”

“கருணை எதுக்கு? பாத எங்களுது.”

“கருணைன்னா வாசிப்பாக.”

“உரிம, பாத்தியம்னு போட்டா?”

“வாசிச்சிட்டு, எவன் எழுதுனான்னு தேடுவாக.”

“எழுதுனவ நான். என் பேரு, என் கடை விலாசம், என் போன் நம்பரு எல்லாம் அடியில போடு. தேடட்டும்.”

கொஞ்ச நேரம் ஒரு திரையைத் துணியால் துடைத்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. “ஆமா, அவுக ஊர்லயே அவ்வளவு வெயிலு கெடக்கே, நம்ம வெயிலு எதுக்காம்?” என்றான்.

“எண்ணெய் ஒரு நாள் தீரும்லா. எல்லா ஊர் வெயிலயும் சேத்து வைக்காக.”

“வெவரந்தான்.”

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். தொடக்கமும் முடிவும் அவன் இஷ்டம். எத்தனை பட்டம், எத்தனை சலாம் வேண்டுமானாலும் போடட்டும். நடுவில், அந்த வழி தலைமுறையாக ஆட்டுக்காரர்களின் உரிமை என்கிற வாக்கியம் அப்படியே இருக்க வேண்டும். அவன் கடைக் கணினியிலிருந்து அனுப்பக் கூடாது, எங்கள் கடையிலிருந்துதான் அனுப்ப வேண்டும் என்றான். நியாயம். வலமிருந்து இடமாக எழுத்துகள் ஊர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடு வாக்கியத்துக்கு வந்ததும் அவன் விரல் நின்றது. ஒரு மூச்சு விட்டுவிட்டு அடித்தான்.

“நானும் ஒரு வரி சேத்திருக்கேன்” என்றான். “வாயில்லாச் சீவனுக்குத் தண்ணி காட்டுறது எவ்வளவு பெரிய நன்மைன்னு நீங்க அறிவீங்கன்னு. இது கெஞ்சல் இல்ல. நெனவூட்டல்.”

இதை எழுதும் வரை அவன் விசா வரவில்லை. மனுவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்கிறான். இருந்தாலும் அவன் பெயரை இங்கே மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

நாற்காலி

சில நாள் கழித்து, உரிய கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறோம் என்று நிதியத்திலிருந்து இரண்டு வரி வந்தது. அவ்வளவுதானா என்று சோர்ந்துபோனேன். மறுநாள் காலையிலேயே மேனேஜர் போன் செய்தார். வடக்கு மாவட்டத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார்.

“மேடம், மேல எழுதினது நீங்களா?”

அண்ணாச்சியும் நானும் போனோம். முன்பு தகரக் கொட்டகை வாசலில் நிற்கவைத்துப் பேசியவர், இந்த முறை இரண்டு நாற்காலி போட்டார். அண்ணாச்சி ஒன்றின் நுனியில் உட்கார்ந்தார். வெளியே வெடித்த கரிசலில் பருத்திக் கட்டை காய்ந்து கிடந்தது. தூரத்தில், ஏற்கெனவே பதித்த தகடுகள் கண்ணைக் கூசவைத்தன.

“மும்பையிலேர்ந்து இந்த வாரம் மூணு தடவை கூப்பிட்டுட்டாங்க. அரபியில லெட்டர் வந்துதாமே. என் வேலைக்கே உலை வச்சிருவீங்க போல” என்றார். கோபம் இல்லை, பயம்தான். புதன்கிழமை நிதியத்திலிருந்து இரண்டு பேர் தளத்தைப் பார்வையிட வருகிறார்களாம். அதுவரை கண்மாய்ப் பக்கத்து வேலியை நிறுத்திவைத்திருக்கிறார். “திருத்தல் பத்திரத்தை அவங்க முன்னாடி வைக்கிறேன். ஆனா நிலக்காரங்க அஞ்சு பேர் கையெழுத்தும் அதுல இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும், இது ஊர்த் தகராறுன்னு சொல்லி நகர்ந்துருவாங்க. நிதியத்துக்காரங்க சம்மதிப்பாங்கன்னு நான் வாக்கும் குடுக்கல.”

திரும்பும்போது அண்ணாச்சி கேட்டார்: “சும்மா ஒரு காயிதத்துக்கா நாக்காலி போட்டான்?”

“அந்தக் காயிதம் எங்க போயிட்டு வந்திருக்குன்னு பாக்கணும்லா.”

“நம்ம கிராமத்துல எழுதிக் கேட்டா நடக்காதது, கடலத் தாண்டிப் போயிட்டு வந்தா நடக்கும்போல” என்றார். அதில் சந்தோஷம் இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குள் இரண்டும் இருந்தன.

ஐந்தாவது பேர்

நான்கு பேர் இரண்டு நாளில் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தாவது பேர் எங்கள் அப்பா.

எப்போதோ மலிவாக வந்தது என்று வாங்கிய மூன்று ஏக்கர். அப்பா வருஷத்துக்கு ஒரு முறைகூடப் போய்ப் பார்க்கமாட்டார். ஆனால் கம்பெனியின் டைப்பிங் வேலை முழுவதும் எங்கள் கடைக்குத்தான் வருகிறது. அதை வைத்துத்தான் புது மெஷின் வாங்கினோம்.

“ஏட்டி, எதிராளி எனக்குக் கஸ்டமரு” என்றார். “ஒரு தடவ கையெழுத்துப் போட்டு வாங்குன காயிதத்த, மறுவாட்டி நானே தப்புங்கணுமா?”

“தப்பு உங்களுது இல்லப்பா, என்னுது.”

“கடைப் பேரு என்னுதுல்லா. தப்பா அடிக்க கடைன்னா எவன் வருவான்?”

“தப்பத் திருத்தாத கடைன்னா வருவாகளோ?”

அதன் பிறகு அவர் ஒரு நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் மட்டும்தான் பேசினார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையோடு கடையைத் திறந்து, வரைவை எடுத்து வாசித்தார். விரலை வரிக்கு வரி வைத்து, யாருடைய பத்திரத்தையோ வாசிப்பது போல வாசித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“கண்மாய் நம்ம புஞ்சைக்கு எந்தப் பக்கம்?”

“தெக்க.”

“வடக்கன்னு அடிச்சிருக்க.”

பார்த்தேன். வடக்கு என்றுதான் இருந்தது. ஒரு பிழையைத் திருத்த வந்த காகிதத்தில் இன்னொரு பிழை. நான்கு பேர் கையெழுத்துப் போட்டதும் அதில்தான்.

“எல்லாத்துலயும் உனக்கு அவசரம்” என்றார் அப்பா. “மாத்தி அடி. நாலு பேரயும் நானே போய்ப் பாக்கேன். மொதக் கையெழுத்து நான் போடுதேன். அப்பந்தான் அவுகளும் மறு பேச்சில்லாமப் போடுவாக.”

பக்கத்தை அடித்துக் கொடுத்தேன். பிரிண்டரிலிருந்து வந்த சூடு போகும் முன்பே கையெழுத்துப் போட்டார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு, வேகாத வெயிலில், நான்கு வீட்டுக்கும் போனார். அந்திக்குள் ஐந்து பெயரும் சேர்ந்துவிட்டன.

ஆறாவது இடம் காலியாக இருக்கிறது. அது கம்பெனிக்கு.

நாளை மறுநாள் புதன். வருகிற இரண்டு பேரிடம் பேச சுலைமானால் வர முடியாது. நான் கேட்கவும் இல்லை. மனுவின் அந்த நடு வாக்கியத்தை மட்டும் அவன் குரலில் பதிவுசெய்து அனுப்பியிருக்கிறான். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அதைச் சொல்லிப் பழகுகிறேன். தொண்டையின் அடியிலிருந்து வர வேண்டிய ஒரு எழுத்து எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

கோமதிநாயகம் அண்ணாச்சி, பெரிய ஆட்கள் வருகிற அன்று மந்தையை வேறு பக்கம் ஓட்டட்டுமா என்று போனில் கேட்டார். வேண்டாம் என்றேன். எப்போதும் போல, எப்போதும் வருகிற நேரத்துக்கு, எப்போதும் வருகிற வழியிலேயே ஓட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.